பட் கிரீன்ஸ்பான்

பட் கிரீன்ஸ்பான் (செப்டம்பர் 18, 1926 - டிசம்பர் 25, 2010) அமெரிக்க ஆவணப்பட இயக்குநர், எழுத்தாளர், தயாரிப்பாளர். ஒலிம்பிக் போட்டிகளைப் பற்றிய ஆவணப்படங்களுக்காக அறியப்பட்டவர். 1984-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக் முதல் 2010-ஆம் ஆண்டு வான்கூவர் குளிர்கால ஒலிம்பிக் வரை பல போட்டிகளின் அதிகாரபூர்வ திரைப்படங்களை உருவாக்கினார். பதக்கம் வென்றவர்களுக்கு இணையாகத் தோற்றவர்களையும், கடைசியாக வந்தவர்களையும், காயத்துடன் போட்டியை முடித்தவர்களையும் தன் படங்களின் நாயகர்களாக ஆக்கினார். விளையாட்டு ஆவணப்படம் என்ற வகைமையில் தனிமனிதக் கதைசொல்லலை நிலைநிறுத்தியவர்களுள் முதன்மையானவராகக் கருதப்படுகிறார்.

பிறப்பு, இளமை

பட் கிரீன்ஸ்பானின் இயற்பெயர் ஜோனா கிரீன்ஸ்பான். நியூயார்க் நகரில் பிறந்தார். சிறுவயதில் அவருக்கு ஒரு பேச்சுக் குறைபாடு இருந்தது. சில ஒலிகளை அவரால் தெளிவாக உச்சரிக்க முடியவில்லை. அக்குறையைப் பயிற்சியால் கடந்தார். பின்னாளில் குரலையே தொழிலாகக் கொண்ட வானொலித் துறையில் அவர் நுழைந்தார்.

வானொலி வாழ்க்கை

கிரீன்ஸ்பான் இருபத்தொரு வயதிலேயே நியூயார்க் வானொலி நிலையம் ஒன்றின் விளையாட்டுப் பிரிவு இயக்குநர் ஆனார். புரூக்ளின் டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணியின் ஆட்டங்களுக்கு முன்னும் பின்னும் ஒலிபரப்பான நிகழ்ச்சிகளில் பங்கேற்றார். 1948-ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக் போட்டிகளை வானொலிச் செய்தியாளராகக் கண்டார். ஒலிம்பிக் மீது அவருக்கு ஏற்பட்ட ஈடுபாடு அங்கிருந்து தொடங்கியது.

வானொலியில் காட்சி இல்லை. சொல்லும் குரலும் மட்டுமே கொண்டு கேட்பவர் மனத்தில் மைதானத்தை எழுப்ப வேண்டும். இந்தப் பயிற்சி அவருடைய திரைப்படங்களில் கடைசிவரை தெரிந்தது. அவர் படங்களில் பின்னணிக் குரல் காட்சிக்கு விளக்கம் சொல்வதோடு நிற்காமல் கதையையே நடத்திச் செல்லும். அவருடைய பெரும்பாலான புகழ்பெற்ற படங்களுக்குப் பின்னணிக் குரல் கொடுத்தவர் அவர் சகோதரர் டேவிட் பெர்ரி.

வானொலியிலிருந்து விலகிய பின் பத்திரிகைகளுக்கு எழுதினார். தொலைக்காட்சி விளம்பரத் தயாரிப்பிலும் சில ஆண்டுகள் பணியாற்றினார். சில நொடிகளுக்குள் ஒரு செய்தியைச் சொல்லி முடிக்க வேண்டிய தொழில் அது.

முதல் படம்

கிரீன்ஸ்பானின் முதல் ஆவணப்படம் பளுதூக்கும் வீரர் ஜான் டேவிஸைப் பற்றியது. இருவரும் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஆப்பராவில் கூட்டத்தில் நிற்கும் துணைநடிகர்களாக அறிமுகமானார்கள். டேவிஸுக்கு இசையில் ஆர்வம் உண்டு. புரூக்ளினைச் சேர்ந்த கறுப்பின அமெரிக்கரான அவர் 1938 முதல் 1953 வரை சர்வதேசப் போட்டிகளில் தோல்வி காணாதவர். 1948 லண்டனில் ஹெவிவெயிட் பிரிவில் தங்கம் வென்றிருந்தார். ஐரோப்பாவிலும் சோவியத் ஒன்றியத்திலும் பளுதூக்கும் ரசிகர்கள் அவரைக் கொண்டாடினார்கள். சொந்த நாட்டில் அவரை அறிந்தவர்கள் மிகக் குறைவு.

1952-இல் டேவிஸ் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் கலந்துகொண்டபோது கிரீன்ஸ்பான் அங்கு சென்று அவரைப் படம்பிடித்தார். டேவிஸ் இரண்டாவது முறையாகத் தங்கம் வென்றார். அந்தக் காட்சிகளைக் கொண்டு 'உலகின் மிக வலிமையான மனிதன்' என்ற குறும்படத்தை உருவாக்கினார். அமெரிக்க வெளியுறவுத் துறை அதை விலைக்கு வாங்கியது. அமெரிக்காவில் கறுப்பின மக்கள் ஒடுக்கப்படுகிறார்கள் என்று சோவியத் ஒன்றியம் பிரச்சாரம் செய்துவந்த காலம் அது. வெற்றிபெற்ற ஒரு கறுப்பின வீரரின் கதை அப்பிரச்சாரத்துக்கு மறுமொழியாகப் பயன்படும் என்று அரசு கருதியது. அதே காலத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பினத்தவருக்குத் தனிப் பள்ளி, பேருந்தில் தனி இருக்கை என்ற நிலை சட்டப்படியே இருந்தது.

ஒரு விளையாட்டு வீரரின் கதையை நண்பராக நின்று சொன்ன படம், வாங்கியவர் கையில் பனிப்போரின் கருவியானது. விளையாட்டுப் படத்தை யார், எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்ற கேள்வி கிரீன்ஸ்பானின் முதல் படத்திலேயே தொடங்கிவிடுகிறது.

ஜெஸ்ஸி ஓவன்ஸ் பெர்லினுக்குத் திரும்புதல்

1936-ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கில் அமெரிக்கக் கறுப்பின வீரர் ஜெஸ்ஸி ஓவன்ஸ் நான்கு தங்கப் பதக்கங்களை வென்றார். ஹிட்லரின் ஆட்சி தன் இனக்கொள்கையை உலகுக்குக் காட்டும் மேடையாக அந்தப் போட்டிகளை அமைத்திருந்தது. 1964-இல் கிரீன்ஸ்பான் ஓவன்ஸை மீண்டும் பெர்லின் ஒலிம்பிக் மைதானத்துக்கு அழைத்துச் சென்று படமாக்கினார். 'ஜெஸ்ஸி ஓவன்ஸ் பெர்லினுக்குத் திரும்புகிறார்' என்ற அந்தப் படம் அவருக்குப் பரவலான கவனத்தைப் பெற்றுத்தந்தது. ஐம்பது வயதை எட்டிவிட்ட ஓவன்ஸ் காலியான மைதானத்தில் நடந்தபடி தன் கதையைத் தானே சொல்வது படத்தின் அமைப்பு. பழைய காட்சிகளும் புதிய காட்சிகளும் மாறிமாறி வருகின்றன. கிரீன்ஸ்பான் பின்னர் வாழ்நாள் முழுவதும் கையாண்ட வடிவம் இதில் உருவாகிவிட்டது.

இப்படத்தின் மையத்தில் ஓவன்ஸுக்கும் ஜெர்மன் வீரர் லுட்ஸ் லாங்குக்கும் இடையிலான நட்பு உள்ளது. நீளம் தாண்டுதலில் ஓவன்ஸ் 8.06 மீட்டர் தாண்டித் தங்கமும், லாங் 7.87 மீட்டர் தாண்டி வெள்ளியும் பெற்றனர். தகுதிச் சுற்றில் ஓவன்ஸ் தடுமாறியபோது, கோட்டுக்குச் சற்று முன்னாலிருந்தே தாவும்படி லாங் ஆலோசனை சொன்னார் என்பது ஓவன்ஸ் பல மேடைகளில் சொன்ன கதை. லாங் இரண்டாம் உலகப் போரில் 1943-இல் சிசிலியில் காயமடைந்து இறந்தார். 1964-இல் படப்பிடிப்பின்போது ஓவன்ஸ் லாங்கின் மகனைச் சந்தித்தார்.

அந்த ஆலோசனைக் கதை நடந்ததா என்பதைப் பின்னாளில் விளையாட்டு வரலாற்றாளர்கள் ஐயத்துடன் ஆராய்ந்தனர். போட்டி முடியும்வரை லாங்கிடம் தாம் பேசவில்லை என்று ஓவன்ஸ் 1965-இல் தம்மிடம் ஒப்புக்கொண்டதாக விளையாட்டு எழுத்தாளர் டாம் எக்கர் பதிவு செய்துள்ளார். போட்டிக்குப் பின் லாங் ஓவன்ஸை வாழ்த்தியதும், இருவரும் மைதானத்தில் தோழமையுடன் இருந்ததும் உண்மை. அவற்றுக்குப் படச்சான்றுகள் உள்ளன. ஆவணப்படத்தில் ஒருவர் தன் வாழ்வைத் தானே சொல்லும்போது, அது அவருடைய நினைவின் ஆவணம். நடந்ததன் ஆவணமாக அதை அப்படியே கொள்ள முடியாது. இந்த வேறுபாட்டை அறிய இப்படம் நல்ல எடுத்துக்காட்டு.

கேப்பி புரொடக்‌ஷன்ஸ்

கிரீன்ஸ்பானின் மனைவி கான்ஸ்டன்ஸ் ஆன் பெட்ராஷ். நண்பர்கள் வட்டத்தில் 'கேப்பி' என்று அழைக்கப்பட்டார். இருவரும் சேர்ந்து தொடங்கிய தயாரிப்பு நிறுவனத்துக்குக் கேப்பி புரொடக்‌ஷன்ஸ் என்று பெயரிட்டனர். கேப்பி படங்களின் தயாரிப்பில் இணையாகப் பங்குகொண்டார். 1983-இல் மூளைப் புற்றுநோயால் காலமானார். லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக் தொடங்க ஓராண்டு இருந்தது. கணவரின் வாழ்க்கையில் மிகப்பெரிய படமான அதை அவர் பார்க்கவில்லை. அதன்பின் நான்சி பெஃபா கிரீன்ஸ்பானின் தொழில் கூட்டாளியாகவும் வாழ்க்கைத் துணையாகவும் இருந்தார். நிறுவனத்தின் பெயர் மாற்றப்படவில்லை.

தி ஒலிம்பியாட்

1970-களில் கிரீன்ஸ்பான் 'தி ஒலிம்பியாட்' என்ற தொலைக்காட்சித் தொடரை உருவாக்கினார். ஒவ்வொரு பகுதியும் ஒரு விளையாட்டையோ ஒரு பொருளையோ எடுத்துக்கொண்டு பல ஒலிம்பிக்குகளின் ஊடாகச் செல்லும். பல நாடுகளில் ஒளிபரப்பான இத்தொடர் அவரை உலக அளவில் அறியச்செய்தது.

கிரீன்ஸ்பான் தனக்கு மிகப் பிடித்த ஒலிம்பிக் நிகழ்வாக எப்போதும் குறிப்பிட்டது தான்சானியா நாட்டு மாரத்தான் வீரர் ஜான் ஸ்டீபன் அக்வாரியின் ஓட்டத்தை. 1968 அக்டோபர் 20 அன்று கடல்மட்டத்திலிருந்து சுமார் 2240 மீட்டர் உயரத்திலுள்ள மெக்சிகோ நகரில் அந்த மாரத்தான் நடந்தது. 75 பேர் ஓடத் தொடங்கினர். எத்தியோப்பியாவின் மாமோ வோல்டே 2 மணி 20 நிமிடங்களில் முதலாவதாக வந்தார். அக்வாரி வழியில் நெரிசலில் கீழே விழுந்து முழங்காலிலும் தோளிலும் காயமடைந்தார். கட்டுப்போட்டுக்கொண்டு மீண்டும் ஓடினார், முடியாதபோது நடந்தார். பரிசளிப்பு முடிந்து, பொழுது சாய்ந்து, பார்வையாளர்களில் பெரும்பாலோர் கலைந்த பின் மைதானத்துக்குள் நொண்டியபடி நுழைந்தார். வெற்றியாளர் வந்து ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகியிருந்தது. ஓட்டத்தை முடித்த 57 பேரில் அவர் 57-ஆவது ஆள்.

ஏன் பாதியில் விலகவில்லை என்று கேட்டபோது, தன் நாடு தன்னை ஐயாயிரம் மைல் தாண்டி அனுப்பியது ஓட்டத்தைத் தொடங்குவதற்கல்ல, முடிப்பதற்கு என்ற பொருளில் அக்வாரி விடையளித்தார். தான்சானியா 1961-இல் விடுதலை பெற்ற தாங்கனீக்காவும் சான்சிபாரும் 1964-இல் இணைந்து உருவான நாடு. அந்தப் பெயருக்கு அப்போது நான்கே வயது. முடிவுப் பட்டியலின் கடைசி வரியாக மட்டும் எஞ்சியிருக்கக்கூடிய ஒரு பெயர் இன்றும் உலகெங்கும் பள்ளிகளிலும் மேடைகளிலும் சொல்லப்படுவதற்குக் கிரீன்ஸ்பான் முக்கியமான காரணம்.

வில்மா

1977-இல் கிரீன்ஸ்பான் 'வில்மா' என்ற தொலைக்காட்சித் திரைப்படத்தை எழுதி இயக்கினார். சிறுவயதில் போலியோவால் பாதிக்கப்பட்டுக் காலில் தாங்கு கருவி அணிந்து நடந்த வில்மா ருடால்ஃப், 1960 ரோம் ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வென்ற வரலாறு இதன் கதை. ஆவணப்படமாக அல்லாமல் நடிகர்களைக் கொண்டு எடுக்கப்பட்டது. பின்னாளில் புகழ்பெற்ற டென்சல் வாஷிங்டன் தொடக்க காலத்தில் நடித்த படங்களுள் ஒன்று.

16 டேஸ் ஆஃப் க்ளோரி

ஒவ்வொரு ஒலிம்பிக்குக்கும் அதிகாரபூர்வமான திரைப்படம் ஒன்று உருவாக்கப்படுவது வழக்கம். 1984 லாஸ் ஏஞ்சலஸ் போட்டிகளுக்கான பொறுப்பு கிரீன்ஸ்பானுக்கு வழங்கப்பட்டது. 'பதினாறு நாள் பெருமை' என்று பொருள்படும் '16 டேஸ் ஆஃப் க்ளோரி' என்ற தலைப்பில் அது வெளிவந்தது.

அனைத்துப் போட்டிகளையும் காட்ட முயலாமல், சிலரைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொருவருக்கும் ஒரு முழுக்கதையை அளித்தார். அவற்றுள் சில:

ஜோன் பெனாய்ட்: ஒலிம்பிக்கில் பெண்களுக்கான மாரத்தான் முதன்முதலாக 1984-இல்தான் நடந்தது. அமெரிக்காவின் பெனாய்ட் அணித் தேர்வு ஓட்டத்துக்குப் பதினேழு நாட்கள் முன்பு முழங்காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். 2 மணி 24 நிமிடம் 52 வினாடிகளில் ஓடி முதல் சாம்பியன் ஆனார்.

யாசுஹிரோ யமாஷிதா: ஜப்பானிய ஜூடோ வீரர். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கை ஜப்பான் புறக்கணித்ததால் நான்காண்டு காத்திருந்தவர். தொடக்கச் சுற்றில் வலது கெண்டைக்காலில் தசை கிழிந்தது. நொண்டியபடியே இறுதிச்சுற்றில் எகிப்தின் முகமது ரஷ்வானை வென்றார். பரிசு மேடை ஏற அவருக்குக் கைகொடுத்தவர் தோற்ற ரஷ்வான்.

டேவ் மூர்கிராஃப்ட்: பிரிட்டனின் மூர்கிராஃப்ட் 5000 மீட்டர் ஓட்டத்தில் அன்றைய உலக சாதனைக்குச் சொந்தக்காரர். 1982-இல் 13 நிமிடம் 0.41 வினாடியில் ஓடியவர். லாஸ் ஏஞ்சலஸ் இறுதிப் போட்டியில் இடுப்புக் காயத்தால் கடைசி இடத்துக்குத் தள்ளப்பட்டார். மொராக்கோவின் சயீத் அவிட்டா வெற்றிக் கோட்டை நெருங்கியபோது, ஒரு முழுச்சுற்று பின்தங்கிய அவமானம் நேராமல் இருப்பதற்காக மட்டுமே மூர்கிராஃப்ட் ஓடினார். ஒளிபரப்புகளில் அந்த ஓட்டம் அவிட்டாவின் வெற்றி. கிரீன்ஸ்பானின் படத்தில் அதே ஓட்டம் மூர்கிராஃப்டின் போராட்டம்.

திரைமொழி

கிரீன்ஸ்பானுக்கு முன்பே ஒலிம்பிக் படங்களில் பெரும் சாதனைகள் நிகழ்ந்திருந்தன. லெனி ரீஃபென்ஸ்டாலின் 'ஒலிம்பியா' (1938) உடலின் அழகையும் இயக்கத்தையும் கொண்டாடியது. நாஜி அரசின் ஆதரவில் எடுக்கப்பட்டதால் இன்றும் விவாதத்துக்குரியது. கோன் இச்சிகாவாவின் 'டோக்கியோ ஒலிம்பியாட்' (1965) போட்டி முடிவுகளைவிட முகங்கள், பாதங்கள், மழை, பார்வையாளர் ஆகியவற்றைக் கவனித்தது. தனியாக வந்து போட்டியிட்டுத் தோற்கும் சாட் நாட்டு ஓட்டவீரர் ஒருவருக்கு அதில் தனிப்பகுதி உண்டு. 1972 மியூனிக் போட்டிகளை எட்டு இயக்குநர்கள் எட்டுப் பார்வைகளில் படமாக்கினர்.

இவர்கள் காட்சியின் கலைஞர்கள். கிரீன்ஸ்பான் முதன்மையாகக் கதைசொல்லி. அவருடைய முறையைச் சுருக்கமாக இவ்வாறு வகுக்கலாம்:

1. போட்டி நடக்கும்போது தேர்ந்தெடுத்த வீரர்மேல் கேமராவை நிலைநிறுத்துதல். முன்னணியில் இருப்பவர் யாராக இருந்தாலும் கேமரா தன் ஆளை விடுவதில்லை.

2. போட்டிக்குப் பின் வீரரிடம் நீண்ட பேட்டி எடுத்து, அவர் குரலை ஓட்டக் காட்சிகளோடு இணைத்தல். அந்த நொடியில் அவர் என்ன நினைத்தார் என்பது பார்வையாளருக்குக் கிடைக்கிறது.

3. வீரரின் ஊர், குடும்பம், பயிற்சி ஆகியவற்றை முதலில் சொல்லிவிட்டுப் போட்டிக்கு வருதல். முடிவு முன்பே தெரிந்திருந்தாலும் பதற்றம் குறைவதில்லை.

4. நிதானமான பின்னணிக் குரல். கத்தும் வர்ணனைக்கு நேர்மாறானது.

நேரடி ஒளிபரப்பு 'என்ன நடக்கிறது' என்பதைக் காட்டுகிறது. போட்டி முடிந்து பல மாதங்கள் கழித்து வரும் படம் அதனோடு வேகத்தில் போட்டியிட முடியாது. எனவே 'யாருக்கு நடந்தது' என்பதைத் தன் பொருளாகக் கொண்டார் கிரீன்ஸ்பான்.

விமர்சனங்கள்

கிரீன்ஸ்பானின் படங்கள் மிகையுணர்ச்சி கொண்டவை என்பது அவர்மீது வைக்கப்பட்ட முதன்மையான விமர்சனம். ஊக்கமருந்து, புறக்கணிப்பு அரசியல், வணிக ஆதிக்கம் ஆகியவற்றை அவர் படங்கள் பெரும்பாலும் தொடுவதில்லை. 1984-இல் சோவியத் ஒன்றியமும் அதன் நட்பு நாடுகள் பலவும் லாஸ் ஏஞ்சலஸுக்கு வரவில்லை. பல போட்டிகளில் உலகின் முன்னணி வீரர்கள் இல்லை. அந்த வெற்றிடம் படத்தின் உணர்ச்சியில் பதிவாகவில்லை.

கிரீன்ஸ்பான் இதை மறுக்கவில்லை. ஒலிம்பிக்கில் பெரும்பங்கு நல்லது, மற்றவர்கள் மீதிப் பங்கைப் பற்றிப் பேசட்டும், தன் நேரம் முழுவதையும் அந்த நல்ல பங்குக்கே செலவிடுகிறேன் என்ற பொருளில் அவர் கூறிவந்தார். இது ஒரு தெரிவு. ஓர் ஆவணப்படக் கலைஞர் தன் தெரிவை வெளிப்படையாகச் சொல்வது நேர்மை. ஆனால் அந்தப் படங்களை மட்டும் பார்த்து ஒலிம்பிக்கின் வரலாற்றை அறிய முனைபவர் பாதியைத் தவறவிடுவார். அமைப்பாளர்களின் ஒப்புதலோடு எடுக்கப்படும் அதிகாரபூர்வ படத்தில் அமைப்பாளர்களை எந்த அளவுக்குக் கேள்வி கேட்க முடியும் என்பதும் இதனுடன் இணைந்த சிக்கல்.

அதேசமயம் பதக்கப் பட்டியலை நாட்டுப் பெருமையின் அளவுகோலாகக் கொள்ளும் போக்குக்கு எதிராக அவர் படங்கள் நிற்கின்றன. அமெரிக்கத் தொலைக்காட்சி அமெரிக்க வெற்றிகளையே திரும்பத் திரும்பக் காட்டிய காலத்தில் ஒரு தான்சானியரையும் ஓர் எகிப்தியரையும் கடைசியாக வந்த ஒரு பிரிட்டானியரையும் அமெரிக்கப் பார்வையாளர் நினைவில் நிறுத்தியவர் அவர்.

பிற படங்கள், நூல்கள்

கால்கரி (1988), லில்லெஹாமர் (1994), அட்லாண்டா (1996), நகானோ (1998), சிட்னி (2000), சால்ட் லேக் சிட்டி (2002), ஏதென்ஸ் (2004), டூரின் (2006), வான்கூவர் (2010) ஆகிய ஒலிம்பிக்குகள் பற்றிய படங்களும் அவருடையவை. விளையாட்டு வரலாறு பற்றிய நூல்களும் எழுதினார். 'ஒலிம்பிக் வரலாற்றின் 100 மகத்தான தருணங்கள்' என்ற நூல் 1995-இல் வெளிவந்தது.

விருதுகள்

1985 - ஒலிம்பிக் ஆர்டர், சர்வதேச ஒலிம்பிக் குழு

1996 - பீபாடி விருது

2004 - அமெரிக்க ஒலிம்பிக் புகழ் மண்டபத்தில் இடம்

இவற்றுடன் எம்மி விருதுகளும் பெற்றார்.

இறப்பு

கிரீன்ஸ்பான் இறுதி ஆண்டுகளில் பார்க்கின்சன் நோயால் பாதிக்கப்பட்டிருந்தார். டிசம்பர் 25, 2010 அன்று நியூயார்க்கில் தன் 84-ஆவது வயதில் காலமானார். வழுக்கைத் தலைமேல் ஏற்றிவிடப்பட்ட மூக்குக்கண்ணாடியும் சஃபாரி சட்டையும் அவருடைய அடையாளங்களாக நினைவுகூரப்படுகின்றன.

மதிப்பீடு

இன்று எந்தப் பெரிய போட்டியின் ஒளிபரப்பிலும் ஓட்டம் தொடங்குவதற்கு முன் வீரரின் ஊரையும் தாயையும் பழைய காயத்தையும் காட்டும் சிறுபடம் ஒன்று வருகிறது. ஏபிசி தொலைக்காட்சியின் ரூன் ஆர்லெட்ஜ் ஒரு பக்கமும், கிரீன்ஸ்பான் மறுபக்கமும் வளர்த்தெடுத்த மரபு இது. விளம்பர இடைவேளைகளுக்கு நடுவே அது பெரும்பாலும் வாய்ப்பாடாகிவிட்டது. கிரீன்ஸ்பானிடம் அது வாய்ப்பாடாகாமல் காத்தது பொறுமை. ஒருவருடைய கதைக்கு அவர் பத்து, பதினைந்து நிமிடங்கள் ஒதுக்கினார். வெற்றி அந்தக் கதையில் கட்டாயமில்லை.

1912 முதல் 2012 வரையிலான ஒலிம்பிக் திரைப்படங்களைத் தொகுத்து கிரைட்டீரியன் நிறுவனம் 2017-இல் 53 படங்கள் கொண்ட தொகுப்பை வெளியிட்டது. அதில் கிரீன்ஸ்பானின் படங்களும் உள்ளன. ஆவணப்படம் பயிலும் மாணவர்கள் அவற்றை 'டோக்கியோ ஒலிம்பியாட்'டுடன் சேர்த்துப் பார்ப்பது பயனளிக்கும். ஒரே ஓட்டத்தில் கேமராவை யார்மேல் வைப்பது என்ற முடிவே ஆவணப்படத்தின் முதல் கருத்து என்பதை இவ்விரு வழிகளும் காட்டுகின்றன. கிரீன்ஸ்பான் அதைக் கடைசியாக வருபவர்மேலும் வைத்தார்.